கால்க்கில் பூத்த ரோஜா: சமன்பாட்டு வரைபடங்கள் இதுவரை

எக்செல் போன்ற விரிதாள் மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கில் சமன்பாடுகளை வரைந்து பார்ப்பதுதான் இப்போது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அதில் சமன்பாட்டைத் தட்டினாலே வளைவு வந்துவிடும். கால்க்கில் ஒவ்வொரு புள்ளியையும் நாமே கணக்கிட்டுத் தரவேண்டும். எனக்குப் பிடித்ததே அந்த வேலைதான்.

பரவளையம் சுலபம். படவகையில் மட்டும் 'எக்ஸ்ஒய் ஸ்கேட்டர்' எடுக்க வேண்டும். 'லைன்' எடுத்தால் 1, 2, 10 மூன்றையும் சம இடைவெளியில் நிறுத்திவிடும்.

மணி வடிவ வளைவில் ஒரு வேடிக்கை. அதன் சூத்திரத்தில் e-க்கு அடுக்காக வரும் 'மைனஸ் எக்ஸ் வர்க்கம்' என்பதை அப்படியே எழுதினால் மணி வராது, இரண்டு ஓரங்களும் வானத்துக்கு ஏறும். காரணம் தெரிய ஒரு கலத்தில் =-3^2 என்று போட்டுப் பாருங்கள். கணக்கு நோட்டில் -9, இங்கே 9. மைனஸை முதலில் ஒட்டிவிட்டு அப்புறம்தான் வர்க்கம் செய்கிறது. எக்செலும் இப்படித்தான். =-(3^2) என்று அடைப்புக்குறி போட்டால் சரி.

அடுத்தது 1/எக்ஸ். -5-இல் தொடங்கி, மேல் கலத்தோடு 0.1 கூட்டிக்கொண்டே இறங்கினால் நடுவில் 0 வர வேண்டும் அல்லவா? வராது. புள்ளிக்குப் பின் பதின்மூன்று சுழியங்கள் தாண்டி ஏதோ ஒரு தூசு நிற்கும். 0.1-ஐ இரும எண்ணில் மிச்சமின்றி எழுத முடியாததால், ஒவ்வொரு கூட்டலிலும் கொஞ்சம் பிசகு சேர்கிறது. பரவளையத்தில் அது கண்ணுக்கே தெரியாது. 1/எக்ஸில் அந்தத் தூசு தலைகீழாகி லட்சம் கோடிக் கணக்கில் போய், மிச்ச வளைவைத் தரையோடு தரையாக அமுக்கிவிடும். கூட்டிக்கொண்டே போகாமல், வரிசை எண்ணை 0.1-ஆல் பெருக்கி 5-ஐக் கழித்தேன். சுத்தமான 0 வந்தது. அதற்கு நேரான ஒய் கலத்தை வெறுமையாக விட்டதும் கோடு அங்கே அறுந்து, இரு கிளைகளும் பிரிந்து நின்றன.

சரி, ரோஜாவுக்கு வருவோம். கோணத்தை 6-ஆல் பெருக்கி சைன் எடுத்தால் ஆரம். அதைக் கோணத்தின் காஸ், சைனால் பெருக்கினால் எக்ஸ், ஒய். பாகையை ரேடியனாக மாற்ற மறக்கக் கூடாது. பாகை 0 முதல் 360 வரை ஒவ்வொன்றாக ஏறினால் 12 இதழ்கள். பெருக்கும் எண் இரட்டைப்படை என்றால் இதழ்கள் இரு மடங்கு, ஒற்றைப்படை என்றால் அதே எண்ணிக்கை. அச்சுகளை -1 முதல் 1 வரை பூட்டி, படத்தைச் சதுரமாக்காவிட்டால் பூ நசுங்கித் தெரியும்.

இதில் 1 பாகைத் தாவலைத் தனிக் கலத்துக்கு மாற்றி, அங்கே 71 என்று அடித்தேன். 361 வரிசைகள் அப்படியே இருக்க, மென்மையான பூ போய், நேர்க்கோடுகளால் பின்னிய வலை வந்துவிட்டது! பீட்டர் மௌரர் 1987-இல் அறிமுகப்படுத்தியது இது. மௌரர் ரோஜா என்பார்கள். 71-க்கும் 360-க்கும் பொது வகுத்தி 1 மட்டுமே என்பதால் கோடு எல்லாப் பாகைகளையும் தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். 72 என்று மாற்றினால் ஐந்தே கோடுகள், கதை முடிந்தது.

இப்போது 6-க்கும் ஒரு தனிக் கலம் கொடுத்தாயிற்று. 2-க்கு 29, 5-க்கு 97 இரண்டும் பார்க்க அழகு.