வைமாண்ட்ஹாமுக்கு ஒரு டிக்கெட்

கவுன்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "வைமாண்ட்ஹாம்" என்றேன். ஒன்றும் புரியவில்லை அவருக்கு. இன்னொரு முறை மெதுவாக, "வை... மாண்ட்... ஹாம்". பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. வேறு வழியில்லாமல் போனைத் திருப்பி எழுத்தைக் காட்டினேன். "ஓ, விண்டம்!" என்று சிரித்தபடி டிக்கெட்டை நீட்டினார்.

இது நடந்தது இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தின் தலைநகரில். அந்த ஊர்ப் பெயரையும் எழுத்துக்கூட்டி 'நார்விச்' என்று படித்துவிடாதீர்கள். நடுவில் ஒரு டபிள்யூ சும்மா உட்கார்ந்திருக்கிறது. நாரிட்ஜ் என்பதுதான் பேச்சு. அங்கே படிக்கும் அக்கா மகனைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் என்னை முன்பே எச்சரித்திருக்கலாம். கேட்டதற்கு, "நான் மட்டும் ஒரு மாசம் அவமானப்பட்டா போதுமா மாமா?" என்றான்.

ரயிலில் அடுத்த நிறுத்தமே விண்டம்தான். கால் மணி நேரம்கூட ஆகாது. ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து (Wymondham). எம், ஓ, எச் மூன்றும் பலகையில் உண்டு, வாயில் கிடையாது. விக்மண்ட் என்பது பழைய ஆங்கிலேய ஆண் பெயர். 'விக்' என்றால் போர், 'முண்ட்' என்றால் காப்பு. 'ஹாம்' என்றால் வீடு, குடியிருப்பு. நம் பாக்கம், பாடி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். விக்மண்டின் குடியிருப்பு, நூற்றாண்டுக் கணக்கில் நாக்கில் உருண்டு விண்டம் ஆகிவிட்டது.

பள்ளியில் படித்த மரூஉ நினைவுக்கு வந்தது. தஞ்சாவூர் தஞ்சை ஆனதும் எழுத்திலும் தஞ்சை என்றே போட்டுவிட்டோம். இவர்கள் நாக்கைச் சுருக்கிவிட்டு எழுத்தை மட்டும் பாட்டி வீட்டுப் பாத்திரம் போல அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்த 'ஹாம்' விஷயத்தில் நாமும் ஏமாந்தவர்கள்தான். சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் தந்தவர் 1875 முதல் 1880 வரை மதராஸ் கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு. அவருடைய ஊரில் கேட்டால் 'பக்கிங்கம்' என்பார்கள். எழுத்தைப் பார்த்து 'ஹா'வை அழுத்திச் சொல்வது நாம்தான்.

ஊர் சின்னது. சந்தை நடுவில் மரக்கால்கள் மேல் எட்டுமூலைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1615-ல் தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றுவிட, அதன் பிறகு புதிதாகக் கட்டியது. கிட்டப் போய்ப் பார்த்தால் உத்திரங்களில் மரக் கரண்டியும் பீப்பாய்க் குழாயும் செதுக்கியிருக்கிறார்கள். மரம் கடைவதுதான் இந்த ஊரின் பழைய தொழில். அந்தக் கரண்டி ஒன்றை விரலால் தடவிப் பார்த்தேன், ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருந்தது.

அப்புறம் தேவாலயம். 1107-ல் மடாலயமாகத் தொடங்கியது. இரண்டு முனையிலும் இரண்டு கோபுரம். துறவிகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. துறவிகள் தங்கள் பங்குக்கு ஒன்று கட்ட, ஊர்க்காரர்கள் போட்டிக்கு மேற்கே இன்னொன்று எழுப்பினார்கள். துறவிகளின் கோபுரம் இன்று உள்ளே ஒன்றுமில்லாத கூடு. ஊர்க்காரர்கள் கட்டியதற்கு வேறு கதை. 1549-ல் பொது நிலங்களை வேலி போட்டு வளைத்தவர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்திய ராபர்ட் கெட் இந்த ஊர்க்காரர். கிளர்ச்சி அடங்கியதும் அவரை நாரிட்ஜ் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அவருடைய உடன்பிறந்த வில்லியமை இந்த மேற்குக் கோபுரத்திலேயே தொங்கவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தபோது கழுத்து வலித்தது. காக்கைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

நாரிட்ஜிலிருந்து நான் இந்த ஊருக்கு வந்ததற்குக் காரணம் ஒரு குடும்பப் பெயர். ரமடா ஹோட்டல் பலகைகளில் கீழே பொடி எழுத்தில் 'விண்டம்' என்று இருக்குமே, அந்தப் பெயர். இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு குடும்பம் பின்னால் வடக்கே ஃபெல்பிரிக் மாளிகைக்குக் குடியேறியது. அவர்கள் ஊரின் ஒன்பது எழுத்தைச் சுமக்கவில்லை. காதில் விழுந்தபடி ஏழு எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். அதிலும் ஒரு கிளை 'ஐ' போட்டது, இன்னொரு கிளை 'ஒய்' போட்டது. ஆக, எழுத்தை ஊர் வைத்துக்கொண்டது, ஓசையைக் குடும்பம் எடுத்துக்கொண்டது. அந்தக் குடும்பத்து வில்லியம் விண்டம், வங்காள கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான நாடாளுமன்ற விசாரணையை நடத்தியவர்களில் ஒருவர். 1788-ல் தொடங்கிய வழக்கு ஏழு வருடம் இழுத்து விடுதலையில் முடிந்தது. ஃபெல்பிரிக் மாளிகை 1969-லிருந்து பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளையின் (நேஷனல் டிரஸ்ட்) கையில் இருக்கிறது.

சாயங்காலம் திரும்பியதும் மருமகன் பேருந்தில் இன்னொரு ஊருக்கு அழைத்துப் போனான். கொஸ்டெஸ்ஸி என்று எழுதியிருந்தது. "எப்படிச் சொல்லணும்?" என்றேன், இந்த முறை உஷாராக. "காஸி" என்றான். அம்மாவுக்கு உடனே போன் போட்டு, காசிக்குப் போய் வந்துவிட்டேன் என்று சொன்னேன். "கங்கைத் தண்ணி எடுத்துட்டு வந்தியாடா?" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து லெஸ்டர்ஷயரில் மெல்டன் மோப்ரே என்ற ஊர். பன்றிக்கறிப் பணியாரத்துக்குப் பேர் போன இடம், நான் டீயோடு நிறுத்திக்கொண்டேன். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் பக்கத்துக் கிராமம் ஒன்று கண்ணில் பட்டது. அதே ஒன்பது எழுத்து! பக்கத்து மேஜையில் இருந்த பெரியவரிடம், நிமிர்ந்து உட்கார்ந்து, "விண்டத்துக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறதா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அது நார்ஃபோக்கில் அல்லவா இருக்கிறது? ரொம்ப தூரம் ஆச்சே."

வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"ஓ, இதுவா? இது வைமண்டம்."