பெர்ரி கேப்ஸ்யூலும் என் எல்.டி.எல்.லும்

போன வருடம் பிப்ரவரியில் எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். எனக்கு அப்போது வயது 46. மொத்தக் கொலஸ்ட்ரால் 246, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 41, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 180, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 169 என்று ரிப்போர்ட் வந்தது. அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர். அதனால் அந்தத் தாளைக் கையில் வாங்கியதுமே வயிற்றில் புளி கரைத்தது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், அப்பாவைப் பற்றிக் கேட்டார், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மாத்திரை 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். நான் அந்தச் சீட்டை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க விட முடியாது, கல்லீரல் போய்விடும் என்று ஆளாளுக்குச் சொல்லிக் கேட்டிருந்த பயம்தான். அந்த வாரமே நியூஜெர்சியில் இருக்கும் அக்கா, அங்கே தெரிந்தவர்கள் எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்று பில்பெரி கேப்ஸ்யூல் இரண்டு டப்பா கொடுத்தனுப்பினாள். பில்பெரி என்பது ஐரோப்பியக் காடுகளில் விளையும் கருநீலப் பழம், ப்ளூபெர்ரிக்குச் சொந்தம்.

சும்மா நம்பி விழுங்கவில்லை, தேடிப் படித்தேன். 2009-இல் சீனாவில் கொலஸ்ட்ரால் கூடியிருந்த 120 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று கிடைத்தது. பெர்ரிப் பழங்களுக்கு அந்தக் கருநீலத்தைத் தருகிற ஆந்தோசயனின் என்ற நிறமியை 160 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 12 வாரம் கொடுத்திருக்கிறார்கள். எல்.டி.எல். 13.6 சதவீதம் குறைந்திருக்கிறது, எச்.டி.எல். 13.7 சதவீதம் கூடியிருக்கிறது. என் டப்பாவிலும் 160 மில்லிகிராம் என்றுதான் போட்டிருந்தது. சரி, நமக்கும் 12 வாரம் என்று காலண்டரில் வட்டம் போட்டேன். வேறு எதையும் மாற்றக் கூடாது, அப்போதுதான் எதனால் குறைந்தது என்று தெரியும் என்று சாப்பாடு, நடை எல்லாவற்றையும் பழையபடியே வைத்துக்கொண்டேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மே மாதம் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு போய் மறுபடி ரத்தம் கொடுத்தேன். மொத்தம் 240, எச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு 175, எல்.டி.எல். 163.

ஆறு புள்ளி குறைந்ததே பெரிதாகத் தெரிந்தது எனக்கு. ரிப்போர்ட்டோடு டாக்டரம்மாவிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்த டப்பாவைக் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பி, பொடி எழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். 160 மில்லிகிராம் என்பது பழத்திலிருந்து பிரித்தெடுத்த சத்தின் எடை. அதில் நிறமி 36 சதவீதம்தான். ஆக நான் ஒரு நாளைக்குச் சாப்பிட்டது சுமார் 115 மில்லிகிராம். அந்த ஆய்வில் கொடுத்தது 320. எண் ஒன்றுதான், சரக்கு வேறு. மூன்று மாதமாகத் தினமும் கையில் எடுத்த டப்பா, அந்த வரியை நான் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். எல்.டி.எல். ஒரே ஆளுக்கே ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் ஐந்து, பத்து புள்ளி ஏறி இறங்குமாம். என் ஆறு புள்ளி அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பெர்ரிப் பழங்கள் ரத்தக்குழாய் இளகி விரிவதற்கு நல்லது என்று ஆய்வுகள் இருக்கின்றன, பழமாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் உங்கள் அப்பாவின் கதையை வைத்துக்கொண்டு 163-ஐ இதை நம்பி விட முடியாது என்றார்.

எனக்கு இருந்த பயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். கொலஸ்ட்ராலைக் கல்லீரல்தான் பெருமளவு தயாரிக்கிறது. அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மாத்திரை அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய ஒரு நொதியைத் தடுக்கிறது. கையிருப்பு குறைந்ததும் கல்லீரல் ரத்தத்தில் ஓடுகிற எல்.டி.எல்.லைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அளவு இறங்குவது இதனால்தான். கல்லீரலுக்குப் பெரிய கெடுதல் வருவது மிக அபூர்வம், இருந்தாலும் ஆரம்பிப்பதற்கு முன் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடலாம் என்றார். பார்த்தோம், சரியாக இருந்தது. காரணமில்லாமல் தசை வலி வந்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே வரச் சொன்னார்.

அன்று ராத்திரி முதல் மாத்திரை. முதல் வாரம் கெண்டைக்காலை அடிக்கடி அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. எட்டு வாரம் கழித்து ஜூலையில் எடுத்த ரிப்போர்ட்டில் மொத்தம் 176, எச்.டி.எல். 43, ட்ரைகிளிசரைடு 150, எல்.டி.எல். 103. பரிசோதனைக் கூடத்து வாசலிலேயே நின்று இரண்டு தடவை படித்தேன். பீரோவில் சீட்டைப் பூட்டி வைத்த அந்த மூன்று மாதம் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

அப்போது நாவல்பழக் காலம். பள்ளி வாசலில் கூறு கட்டி உப்போடு விற்பார்கள். வாங்கித் தின்றால் நாக்கு கருநீலமாகிவிடும். அந்தக் கருநீலமும் ஆந்தோசயனின்தான் என்று இப்போது தெரியும். சாயங்காலம் பழம், ராத்திரி மாத்திரை என்று ஆகிவிட்டது.

பிரிக்காத இரண்டாவது டப்பாவைத் தம்பி கேட்டான். அவனுக்கு 41 ஆகிறது, ஒரு தடவைகூட ரத்தம் பார்த்ததில்லை. டப்பா அப்புறம், முதலில் ரத்தம் கொடு என்றேன். சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கெல்லாம் அவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நானே கூடப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.