மூணு மாச சர்க்கரை டெஸ்ட்: எண்ணோடு ரத்தத்தையும் பாருங்கள்

லேபில் 'மூணு மாச சர்க்கரை' என்று சொன்னாலே ஹெச்பிஏ1சி என்று புரிந்துகொள்வார்கள். இதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. காலை மாத்திரையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கூடவே ஃபாஸ்டிங் எழுதியிருந்தால்தான் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும்.

ரத்தம் எடுப்பது ஊதா மூடி டியூபில். உள்ளே உறையாமல் தடுக்கும் இடிடிஏ இருக்கும். ரத்தம் விட்டதும் டியூபை 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வேகமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். அப்படியே வைத்துவிட்டால் கட்டி விழும், மறுபடியும் ஊசிதான். சிபிசி என்கிற முழு ரத்தப் பரிசோதனைக்கும் இதே டியூப் போதும். இரண்டையும் ஒன்றாகக் கேளுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

ரத்தத்தில் ஓடும் சர்க்கரை சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்த அணு சாகும்வரை பெரும்பாலும் விடாது. அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால்தான் மூணு மாசக் கணக்கு. ஆனால் மூன்று மாதங்களுக்கும் சமமான பங்கு இல்லை: கடைசி ஒரு மாதம் மட்டுமே ஏறக்குறைய பாதி எடை போடும். டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் பத்தியம் எண்ணை அசைக்காது.

ஹெச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். நோய் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழே இலக்கு. வயதானவர்களுக்கும் தாழ்சர்க்கரை வரக்கூடியவர்களுக்கும் டாக்டர் 8 வரைகூட விடுவார். எண்ணை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரி சர்க்கரை வரும். 7 என்றால் 154, 8 என்றால் 183. ஃபாஸ்டிங் எப்போதும் 110 காட்டியும் ஹெச்பிஏ1சி 8 வந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். சில நாள் சாப்பிட்ட 2 மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய உதவி.

இனி சிபிசி விஷயம். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் சர்க்கரை ஏறாமலேயே ஹெச்பிஏ1சி கூடுதலாகக் காட்டலாம். நம் பெண்களிடம் ரத்தசோகை சர்வசாதாரணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். இரும்பு மாத்திரை தொடங்கியதும் இளம் அணுக்கள் நிறைய வரும், அவற்றில் சர்க்கரை ஒட்ட நேரம் இருந்திருக்காது, எண் இறங்கும். கட்டுப்பாடு வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கும் இந்த எண் ஏமாற்றும். ஹீமோகுளோபின் பார்க்காமல் இதை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறையில் செய்தால் சில லேப்கள் ரிப்போர்ட்டோடு கிராஃபும் தரும். ஏ1சிக்கு ஒரு சின்ன முகடு, அதற்குப் பிறகு சாதாரண ஹீமோகுளோபினின் பெரிய முகடு. அதையும் தாண்டித் தனியாக இன்னொரு முகடு எழும்பியிருந்தால் பிறவியிலேயே மாறுபட்ட ஹீமோகுளோபின் இருக்கலாம். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எண்ணை நம்ப முடியாத நிலையில் ஃப்ரக்டோசமைன் டெஸ்ட் உண்டு. அது ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால் சிவப்பணுவின் ஆயுள் குறுக்கே வராது. கடைசி 2, 3 வாரக் கணக்கைச் சொல்லும். மற்றவர்களுக்கு, மருந்து மாறியிருந்தால் 3 மாதத்துக்கு ஒருமுறை, நிலையாக இருந்தால் வருடத்துக்கு இருமுறை ஹெச்பிஏ1சி போதும். கூடுமானவரை அதே லேபில் எடுங்கள், 7.1, 7.3 ஆனதற்காகக் கலங்க வேண்டாம், அந்த அளவு வித்தியாசம் மெஷினிலேயே வரும்.