ஏதென்ஸ் ஆந்தைக் காசுகளைத் தேடி, கேமராவோடு

முதலில் அந்த டாக்ஸிக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. ஏதென்ஸ் ஏர்போர்ட்டிலிருந்து நகர மையத்துக்கு இவ்வளவுதான் என்று கட்டணம் நிர்ணயித்திருக்கிறார்கள். இறங்கும்போது அந்த ஆள் பெட்டிக்குத் தனிக் காசு என்று நின்றுவிட்டார். கொடுத்துத் தொலைத்தேன், ஒரு வேளை சாப்பாட்டுக் காசு போச்சு. நீங்கள் எக்ஸ்95 பஸ்ஸில் வாருங்கள். 24 மணி நேரமும் ஓடுகிறது, நேரே சிந்தாக்மா சதுக்கத்தில் இறக்கிவிடும்.

அங்கிருந்து நடக்கிற தூரம்தான் நாணய அருங்காட்சியகம். ட்ராய் நகரைத் தோண்டிய ஷ்லீமன் தனக்காகக் கட்டிய மாளிகை அது. குன்றின் மேல் பழைய கோயில்கள் இருக்கும் அக்ரோபோலிஸுக்கு டிக்கெட் 30 யூரோ, வரிசையோ வெயிலில் நீள்கிறது. இங்கே அதில் பாதிகூட ஆகாது, கூட்டமும் இல்லை. நாணயப் பித்து உள்ளவர்கள் முதலில் இங்கேதான் வர வேண்டும்.

நான் வந்தது 'ஆந்தை' என்று அழைக்கப்படும் பழைய ஏதென்ஸ் காசுக்காக. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நாலு திராக்மா (அந்தக் காலத்துக் கிரேக்கப் பண அலகு) வெள்ளிக்காசு, எடை சுமார் 17 கிராம். தட்டிப்போட்ட சீடை மாதிரி குண்டாக இருக்கிறது! ஒரு பக்கம் ஏதென்ஸின் காவல் தெய்வம் அதீனா. முகம் பக்கவாட்டில் இருக்க, கண் மட்டும் நம்மை நேராகப் பார்க்கிறது. மறுபக்கம் ஆந்தை, ஒலிவ இலை, சின்னப் பிறை. கையால் சுத்தியலடித்து அச்சிட்டதால் ஒரு காசு போல இன்னொன்று இல்லை. உள்ளே செம்பு வைத்து ஏமாற்றியிருக்கிறார்களா என்று அந்தக் காலத்து ஆட்கள் உளியால் வெட்டிப் பார்த்த தழும்பையும் சில ஆந்தைகளில் காணலாம்.

படமெடுக்க ஃப்ளாஷ் கூடவே கூடாது. கறுப்புச் சட்டை போட்டுப் போங்கள், காசுப் பெட்டியின் கண்ணாடியில் நம் பிம்பம் விழாது. லென்ஸைச் சுற்றி மாட்டும் ரப்பர் வளையத்தை (லென்ஸ் ஹூட்) கண்ணாடியோடு மெல்ல ஒட்டிவைத்தால் பளபளப்பு போய்விடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் காசைத் தேடுங்கள், அதில்தான் இறகுகளின் புள்ளிகள் எழுந்து நிற்கும். அப்புறம், பையில் கிரீஸ் நாட்டு 1 யூரோ இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதே ஆந்தை!

மொனாஸ்டிராக்கி சந்தையில் 'பழங்காசு' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். போலி என்றால் பணம் போச்சு. அசல் என்றால் இன்னும் மோசம், அனுமதியில்லாமல் தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது இங்கே குற்றம். படமாகச் சேர்த்தால் போதும், எனக்கு அதுவே நிறைவு.

நாளை லாவ்ரியோ என்ற கடலோர ஊருக்கு. இந்தக் காசுகளின் வெள்ளியில் பெரும்பகுதி அந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டியதுதான். அந்த வருமானத்தில்தான் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் கப்பற்படை கட்டினார், கி.மு. 480இல் ஏதென்ஸுக்குப் பக்கத்துச் சலாமிஸ் தீவருகே பாரசீகர்களை வென்றதும் அந்தக் கப்பல்கள்தான். 60 கி.மீ. சொச்சம், பஸ்ஸிலேயே போகிறேன்.