செசிலியம்மாளுக்குச் செலுத்திய பாட்டு

தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்குக் குரல் போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பங்குக் கோயில் பாடகர் குழுவில் பாடியவர். காற்று மட்டும்தான் வந்தது. அப்போது செசிலியம்மாளிடம் வேண்டிக்கொண்டார்: "பாட்டைத் திருப்பிக் குடு தாயே, உன் கல்லறையில வந்து பாடுறேன்." பாடகர்களின் பாதுகாவலியான புனிதை அவர்தானே. குரல் வந்தது. மேல் ஸ்தாயி இன்றும் எட்டாது. ஆனால் பூசையில் பதிலுரைப் பாடல் பாடுகிறார், அதுவே பெரிய காரியம். ரோமாபுரிக்குப் போகக் காசு சேர்வதற்குத்தான் காலம் பிடித்தது. தம்பி அனுப்பியதும் என் சீட்டுப் பணமும் சேர்ந்து, ஒரு திருயாத்திரைக் குழுவோடு கிளம்பினோம்.

இராயப்பர் (பேதுரு) பேராலயத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கூட்டம் அப்படி. பாதுகாப்புச் சோதனை வரிசை தூண்களைச் சுற்றி வளைந்து நிற்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி. உள்ளே போகக் கட்டணமே கிடையாது. ஆனாலும் "வரிசை வேண்டாம், டிக்கெட் தருகிறோம்" என்று கழுத்தில் அட்டை மாட்டிய ஆட்கள் விடாமல் பின்னாலேயே வருகிறார்கள். இன்னொருவர் சிரித்துக்கொண்டே அம்மா மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு யூரோ கேட்டார். போகிறவர்கள் கையை நீட்டாதீர்கள். சதுக்கத்தின் நடுவே நிற்கிற ஒற்றைக்கல் தூணை மட்டும் நன்றாகப் பாருங்கள். ரோமை மன்னன் நீரோவின் காலத்தில் அது அங்கிருந்த பந்தய மைதானத்தில் நின்றது. 64ஆம் ஆண்டு நகரம் எரிந்தபோது, பழியை நம்மவர்கள்மேல் போட்டு, அந்தப் பக்கத்தில்தான் கொன்று குவித்தான். இராயப்பர் தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டதை அந்தக் கல் பார்த்தது என்பார்கள்.

எங்கள் குழுவை அழைத்துப் போனவர்கள் கடைவீதிக்கு அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் கல்லறைகளுக்கு ஒரே ஒரு காலைப்பொழுது. பெல்ட்டும் கைப்பையும் வாங்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? எங்களோடு வந்த சாமியார்தான் பேசி, ஆப்பியா சாலையில் உள்ள கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறைத் தோட்டத்தில் பூசைக்கும் நேரம் வாங்கித் தந்தார். அவர் நல்லா இருக்கணும்.

அந்த இடத்தைச் சலேசியத் துறவற சபையார் பார்த்துக்கொள்கிறார்கள். வழிகாட்டிய குருவானவர் முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். கிறிஸ்தவர்கள் ஒளிந்து வாழ்ந்த குகை அல்ல இது, இறந்தவர்களை அடக்கம் செய்த இடம். நகர எல்லைக்குள் புதைக்க ரோமைச் சட்டம் விடாது. அதனால் சாலையோரம் நிலத்தைத் தோண்டினார்கள். அங்குள்ள எரிமலைப் பாறை வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகிவிடும். அப்படியே நான்கு அடுக்காக, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதைகள். சுமார் ஐந்து லட்சம் பேர் அங்கே அடங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, படி இறங்கினால் சில்லென்று குளிர். இரண்டு பக்கச் சுவரிலும் ஆள் நீளத்துக்குக் குழிகள், ஒன்றின்மேல் ஒன்றாக. இடையிடையே ஒரு முழம்கூட இல்லாத சின்னக் குழிகள். குழந்தைகளுடையவை. அம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டே வந்ததில் எங்கள் வரிசை பின்தங்கிவிட்டது. பின்னால் வந்த குழுவினர் உச்சுக்கொட்டினார்கள். கொட்டட்டும்.

பாப்பரசர்கள் ஒன்பது பேரை வைத்திருந்த சிற்றறைக்கு வந்தோம். 1854இல் தெ ரோஸ்ஸி என்ற அறிஞர் மண்ணை அள்ளிக் கண்டுபிடித்த அறை. உடைந்த பளிங்குப் பலகை ஒன்றில் கிரேக்க எழுத்தில் ஃபாபியான், ஆயர், வேதசாட்சி என்று வெட்டியிருக்கிறது. நம் ஊர்களில் செபஸ்தியாருக்குக் கொடியேற்றிக் கொண்டாடுகிற ஜனவரி 20தான் இவருக்கும் திருநாள். 250இல் கொல்லப்பட்டார். தேசியுஸ் மன்னன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய கலாபனை அது. நாட்டில் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, தூபம் போட்டு, பலிச்சோற்றைத் தின்று, அதிகாரிகள் கையொப்பமிட்ட சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணை. அந்தச் சான்றிதழ்கள் எகிப்து மணலில் பாப்பிரஸ் தாளில் இன்றும் கிடைத்திருக்கின்றன. ஃபாபியான் வாங்கவில்லை, செத்தார்.

வாங்கியவர்களும் உண்டு, ஏராளம். பலியிட்டவர்கள், பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியவர்கள். கலாபனை ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு கோயில் வாசலுக்கு வந்தார்கள். சேர்க்கவே கூடாது என்று ஒரு கூட்டம் பிடிவாதமாக நின்றது. அடுத்து வந்த பாப்பரசர் கொர்னேலியுஸ், தவம் செய்தால் சேர்க்கலாம் என்றார். அவரும் நாடு கடத்தப்பட்டு 253இல் இறந்தார், அவருடைய கல்லறையும் இதே தோட்டத்தில்தான். இதை நான் தமிழில் சொன்னதும் அம்மா நின்றுவிட்டார். "அப்ப விழுந்தவங்களையும் சேத்துக்கிட்டாங்களா?" சேர்த்துக்கொண்டார்கள் அம்மா என்றேன். அம்மா யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். மாமா கோயில் பக்கம் வந்து பல வருடம் ஆகிறது. வேலைக்கான ஒரு காகிதத்தில் மதத்தை மாற்றி எழுதியதில் தொடங்கிய விலகல். அவர் பெயரை எடுத்தாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

பக்கத்து அறைதான் செசிலியம்மாளுடையது. அங்கே உடல் இல்லை. 821இல் பாப்பரசர் பாஸ்கால் எடுத்துப்போய் ரோமாபுரியின் திராஸ்தெவெரே பகுதியில் கோயிலுக்குள் வைத்துவிட்டார். 1599இல் அந்தப் பேழையைத் திறந்து பார்த்து, மதேர்னோ என்ற சிற்பி செதுக்கிய சிலையின் பிரதிதான் இங்கே கிடக்கிறது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். முகம் தரையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, தலையில் சுற்றிய துணி. கழுத்தில் வெட்டுக் கோடு. மூன்று முறை வெட்டியும் தலை விழவில்லை, மூன்று நாள் உயிரோடு கிடந்தார் என்கிறது சரிதை. வலக்கையில் மூன்று விரல், இடக்கையில் ஒரு விரல் நீண்டிருக்கிறது: மூவரானாலும் தேவன் ஒருவரே. பேச முடியாத நிலையிலும் விசுவாசப் பிரமாணத்தை விரலால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்! அம்மா அந்தக் கழுத்தையே பார்த்தார். அப்புறம் தன் கழுத்தைத் தொட்டார், தையல் போட்ட இடத்தில். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு சிறு பீடத்தில் பூசை. எங்கள் சாமியார் முதலாம் நற்கருணை மன்றாட்டை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நீளம் என்று விட்டுவிடுவது அதைத்தான். சின்ன வயதிலிருந்து அதில் வரும் புனிதர்களின் பெயர்களைக் கேட்டிருக்கிறேன், எப்போது முடியும் என்று முழங்கால் வலிக்கக் காத்திருந்திருக்கிறேன். லீனுஸ், கிளேத்துஸ், கிளமெந்து, சிக்ஸ்துஸ்... இந்தப் பாப்பரசர் சிக்ஸ்துஸை 258 ஆகஸ்டு 6ஆம் தேதி கல்லறைத் தோட்டத்திலேயே வந்து பிடித்தார்கள். கல்லறைகளில் கூடக்கூடாது என்று வலேரியான் மன்னன் முந்தைய ஆண்டே தடை போட்டிருந்தான், ஆயர்களையும் குருக்களையும் தியாக்கோன்களையும் (திருத்தொண்டர்களையும்) உடனே கொல்லும்படி புது ஆணையும் வந்திருந்தது. நான்கு தியாக்கோன்களோடு அங்கேயே அவர் தலையை வெட்டினார்கள். அடுத்து கொர்னேலியுஸ், சிப்ரியான், லாரன்ஸ். சிக்ஸ்துஸ் இறந்த நான்காம் நாள் கொல்லப்பட்டவர் லாரன்ஸ். திருச்சபையின் சொத்தைக் கொடு என்று கேட்ட அதிகாரி முன்னால் ஏழைகளைக் கூட்டிவந்து நிறுத்தியவர் என்பது வழிவழியாகச் சொல்லும் வரலாறு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கழுத்து, ஒரு தேதி, இந்த மண்ணுக்குள் ஒரு குழி இருந்திருக்கிறது. பெர்பெத்துவா பாலூட்டும் தாய், வயது 22. 203இல் கார்த்தேஜில் அவரோடு செத்த பெலிசித்தா ஓர் அடிமைப்பெண், சிறைக்குள் பிள்ளை பெற்றவர். ஆகத்தம்மாள், லூசியம்மாள், ஆக்னசம்மாள். சாமியார் "செசிலியம்மாள்" என்றபோது அவர் குரலும் உடைந்தது.

நன்மை (நற்கருணை) வாங்கியதும் அம்மா பாடினார். யாரும் கூடச் சேரவில்லை, சேர வேண்டாம் என்று சாமியார் கைகாட்டினார். சுருதி இறங்கித்தான் இருந்தது, இரண்டாவது அடியில் மூச்சு வாங்கியது, விட்டு எடுத்தார். அந்தப் பாறைச் சுவர் குரலை எதிரொலிக்காமல் வாங்கிக்கொள்கிறது. கடைசி அடி வரை பாடி முடித்தார். தாயே, நீ கொடுத்த குரல், உன்னிடமே வந்து சேர்ந்தது. உனக்கும் உன் சேசுவுக்கும் கோடி தோத்திரம்.

மறுநாள் கடைவீதிக்குப் போகாமல் நாங்கள் இருவர் மட்டும் டிராம் பிடித்து திராஸ்தெவெரே போனோம். பீடத்துக்கு அடியில் அசல் சிலை. கூட்டமே இல்லை, ஒரு கன்னியாஸ்திரி பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா தனக்காக ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மாமாவுக்காகச் செபமாலை சொன்னார், ஐம்பத்து மூன்று மணியும். சாமியார் தந்த பூசைக் கருத்துச் சீட்டிலும் மாமா பெயரைத்தான் எழுதியிருந்தார்.

வரும் நவம்பர் 22 செசிலியம்மாள் திருநாள் பூசைக்கு அம்மாவே நேரில் போய் மாமாவைக் கூப்பிடப் போகிறார். வாசிக்கிறவர்கள் அவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். பெயரை எழுத அம்மா சம்மதிக்கவில்லை. செசிலியம்மாளுக்குத் தெரியும்.