ஹாரன் இல்லாத ரிக்

"அண்ணா, ரிக்ல ஹாரனைக் கழட்டி வெச்சிருக்கேன். ரிப்போர்ட்ல எழுதணுமா?"

"வேணாம்மா. பின் ஹை ஆகுதான்னு மட்டும் பாரு, போதும்."

பேச்சு இவ்வளவுதான். ரிக் என்பது எங்கள் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைச் சோதிக்கும் மேசை அமைப்பு. பின் என்பது ஹாரனைக் கத்தச் சொல்லும் சிப்பின் கால், ஹை ஆனால் 'கத்து' என்று அர்த்தம். ஹாரன் 85 டெசிபல். பக்கத்து மேசைக்காரர்கள் ஏற்கெனவே இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார்கள். கழற்றியதில் தவறில்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

கார்பன் மோனாக்சைடு அலாரம், அளவு ஒரு கோட்டைத் தாண்டியதும் கத்திவிடுகிற சாதனம் அல்ல. ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 50291-இன்படி 30 பிபிஎம்மில் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 30 பங்கு) 120 நிமிடம் வரை கத்தக் கூடாது. 50-இல் 60 முதல் 90 நிமிடத்துக்குள் கத்த வேண்டும், 100-இல் 10 முதல் 40-க்குள், 300 என்றால் 3 நிமிடத்துக்குள். இந்த வாயு ஹீமோகுளோபினோடு மெல்ல மெல்லச் சேர்வதால்தான் இந்தக் கணக்கு. அதனால் ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள் ஓடும் புரோகிராம், இதுவரை வந்த அளவுகளையெல்லாம் ஒரே கூட்டுத்தொகையாக ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், வைத்திருக்கிறது. தூங்குகிறவரின் உயிர் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

ஃபர்ம்வேரின் ஒவ்வொரு பில்டையும், அதாவது புதுப் பதிப்பையும், நிஜ வாயு விடும் கேஸ் சேம்பரில் வைத்துப் பார்க்க முடியாது. 30 பிபிஎம் டெஸ்ட் ஒன்றுக்கே இரண்டு மணி நேரம் போய்விடும். எனவே போலி சென்சார் டேட்டா. வோல்டேஜை எண்ணாக்கும் ஏடிசியை வாசிக்கும் ஃபங்ஷனை மாற்றிவிட்டு எண்களை ஊட்டுவது சுலபம், ஆனால் சென்சாரின் சிறு கரண்ட்டைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் அப்படியே சோதிக்கப்படாமல் போகும். நாங்கள் சென்சாரை எடுத்துவிட்டு அது தருகிற கரண்ட்டையே கொடுத்தோம். எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் பிபிஎம்முக்கு ஏறக்குறைய 2 நானோ ஆம்பியர் தரும். 50 பிபிஎம் என்றால் 100 நானோ ஆம்பியர். எண்ணை வோல்டேஜாக்கும் டிஏசியின் 1 வோல்ட்டை 10 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆம்ப்ளிஃபயர் இன்புட்டில் விட்டால் சரியாக அதுவே கிடைக்கும். அந்த ரெசிஸ்டரை வெறும் விரலால் தொட்டால் போச்சு. வியர்வைப் பிசுக்கின் வழியே லீக்கேஜ் ஓடி 50 பிபிஎம் 54 ஆகிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, காயவிட்டு, அதன்பிறகுதான் ரன் பண்ண வேண்டும். சென்சார் செல்ஃப்-டெஸ்ட் பல்ஸுக்குப் பிறகு அவுட்புட் சில நிமிடங்கள் மெல்ல இறங்கி நிலைக்கு வருமே, அந்த வளைவைக்கூட ரெக்கார்ட் செய்து ஊட்டினோம். இவ்வளவு கவனம் இன்புட் பக்கத்தில் இருந்தது என்பதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

சேம்பரில், 50 பிபிஎம்மில், 71-வது நிமிடம் ஒரு யூனிட் 'டிக்' என்றது. அவ்வளவுதான். பச்சை எல்இடி வழக்கம்போல மினுக்கிக்கொண்டிருந்தது. மற்ற யூனிட்கள் கத்திக்கொண்டிருந்ததால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. மற்றவற்றை ஆஃப் செய்த பிறகும் இது மௌனமாகவே இருந்தது. வாயுவை நிறுத்தாமல் விட்டுப் பார்த்தோம். மேலும் 71 நிமிடம் கழித்து இன்னொரு 'டிக்'.

கணக்கு எளிது. இரண்டு ஏஏ ஆல்கலைன் செல், லோடு (கரண்ட் இழுப்பு) இல்லாதபோது 2.6 வோல்ட். லோ-பேட்டரி எச்சரிக்கை 2.5-இல்தான் வரும், அதுவும் லோடு இல்லாமல் அளந்தது. தேய்ந்த அந்த ஜோடியின் உள் ரெசிஸ்டன்ஸ் 3 ஓம். ஹாரனுக்காக வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் சர்க்யூட் தொடங்கும்போது 200 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. 0.6 வோல்ட் சரிந்து 2.0. பிரவுன்-அவுட் எல்லை, அதாவது அதற்குக் கீழே போனால் கன்ட்ரோலர் சிப் தானாக ரீசெட் ஆகும் அளவு, 2.1. கன்ட்ரோலர் ரீசெட் ஆகிறது, ஹாரன் நிற்கிறது, வோல்டேஜ் மீள்கிறது, ஃபர்ம்வேர் புதிதாகப் பிறந்ததுபோல ராமைத் துடைத்துவிட்டு பூஜ்ஜியத்திலிருந்து கூட்டத் தொடங்குகிறது. ஆபத்து என்று உறுதியான அதே கணத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

ரிக்கில் பேட்டரி இல்லை, இருந்தது இந்த லோடுக்கெல்லாம் சரியாத பெஞ்ச் பவர் சப்ளை, அதுவும் ஹாரன் இல்லாமல். பின் ஒவ்வொரு முறையும் ஹை ஆனது.

ஹாரன் மாட்டியிருந்தாலும் பெஞ்ச் சப்ளையில் இது வந்திருக்காது, ஆகவே என் பதிலால் ஒன்றும் கெடவில்லை என்று ஒரு வாதம் எனக்குள் உண்டு. அது உண்மையும்கூட. ஆனால் 'ஹாரன் இணைக்கப்படவில்லை' என்ற ஒரு வரி ரிப்போர்ட்டில் இருந்திருந்தால், ரிவ்யூவில் யாராவது ஒருவர் "அப்போ லோடு?" என்று கேட்டிருப்பார். லோடு என்றால் அடுத்த சொல் பேட்டரி. பேட்டரி டெஸ்ட் தனியாக இருந்தது, பாஸும் ஆகியிருந்தது. அலாரம் டெஸ்ட் தனியாகப் பாஸ். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கேள்வி அந்தப் பெண்ணின் வாயில்தான் முதலில் வந்தது. தான் கேட்பது என்ன என்று அவருக்கும் முழுதாகத் தெரிந்திருக்காது.

திருத்தங்கள் இரண்டே நாளில் முடிந்தன. பேட்டரியை ஹாரன் இழுக்கும் அதே 200 மில்லி ஆம்பியர் லோடு கொடுத்து 10 மில்லி விநாடிக்குள் அளப்பது. கூட்டுத்தொகையை ரீசெட்டில் அழியாத ராம் பகுதியில் சிஆர்சியோடு (எண் கெட்டுப்போயிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) வைப்பது. ரீசெட் காரணம் பிரவுன்-அவுட் என்றால் அங்கிருந்தே தொடர்ந்து, ஹாரனைக் குறைந்த சக்தியில் ஓட்டுவது. ரிக்கில் சப்ளைக்கும் போர்டுக்கும் நடுவே 3 ஓம் ரெசிஸ்டர். ஹாரன் திரும்ப வந்துவிட்டது, ஸ்பாஞ்ச் ஒட்டிய மரப்பெட்டிக்குள்.

சேம்பர் டெஸ்ட் திட்டத்திலேயே இருந்தது, அது பிடித்தது, முறை வேலை செய்தது என்று மேலே எழுதி அனுப்பினேன். சேம்பர் டெஸ்ட்டுக்குப் புது செல்கள்தான் போட வேண்டும். அன்று ஒரு பாக்கெட் குறைந்தது. வேறு டெஸ்ட்டில் ஓடி முடித்த ஜோடி ஒன்று டிராயரில் கிடந்தது, யாரோ அதை எடுத்து அந்த ஒரு யூனிட்டில் போட்டிருக்கிறார்கள். அதை நான் எழுதவில்லை.