காவல் நிலைய சிசிடிவி பதிவு வேண்டுமா? முதலில் அதை அழியாமல் நிறுத்துங்கள்

நீலகிரியில் ஒரு காவல் நிலையத்தின் சிசிடிவி பதிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேட்டதில் பாதிதான் கைக்கு வந்தது. வரவேற்பறைக் கேமராவின் பதிவு கிடைத்தது. லாக்கப்புக்கு எதிரே உள்ள நடைக் கேமராவின் பதிவு அழிந்துவிட்டதாம். பார்க்க வேண்டியிருந்ததே அதைத்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய நாளின் மேலேயே புதிய நாள் பதிவாகும். காவல் நிலையங்களில் கேமரா வைப்பது பற்றிய பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் 18 மாதப் பதிவை வைத்திருக்கச் சொன்னது. அவ்வளவு கொள்ளளவு கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்றது. இதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஆர்.டி.ஐ. பதிலுக்கே 30 நாள் ஆகும். எனவே முதலில் போக வேண்டியது பதிவைப் பாதுகாக்கக் கோரும் கடிதம். எஸ்.பி.க்கு எழுதி, கலெக்டருக்கும் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் நகல் அனுப்புங்கள். அந்தத் தீர்ப்பின்படி அமையும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் எஸ்.பி.யும் கலெக்டரும் உறுப்பினர்கள். கேமரா பழுதானால் குழுவுக்குத் தெரிவிப்பது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை.

கடிதத்தில் "எல்லாக் கேமராக்களும்" என்று எழுதினால் போதாது. எங்கள் கடிதத்தில் அப்படி இருந்தும் ஒன்றை மட்டுமே எடுத்து வைத்தார்கள். வாசல், வரவேற்பறை, லாக்கப், நடை, ஆய்வாளர் அறை, எஸ்.ஐ. அறை, பின்புறம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். இவை எல்லாமே தீர்ப்பில் உள்ள இடங்கள். பதிவுக் கருவியின் கடிகாரம் முன்பின்னாக ஓடும். சம்பவ நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி சேர்த்துக் கேளுங்கள். ஒலியோடு வேண்டும் என்றும் எழுதுங்கள். ஒலிப்பதிவும் தீர்ப்பில் கட்டாயம்.

கடிதத்தை நேரில் கொடுக்கப் பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் பஸ் ஏறாதீர்கள். நடுவட்டம் வழியாக மழையில் போய்ச் சேர்ந்தால், "ஐயா வரட்டும்" என்று முத்திரை போட மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்து வைத்தாலே போதும். மேல்முறையீட்டில் கைகொடுத்தது அந்த ஒரு தாள்தான்.

ஆர்.டி.ஐ. மனுவில் பெரிய சிக்கல் இல்லை: ₹10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. ஒருவர் இன்னும் காவலில் இருந்து, அவருடைய உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டிருந்தால், அந்தச் சட்டத்தின் பிரிவு 7(1)இன்படி 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்று மேலேயே எழுதுங்கள்.

மறுப்பு வரத்தான் செய்யும். "விசாரணை நடக்கிறது" என்று, விசாரணைக்குத் தடையாகும் தகவலை மறுக்க இடம் தரும் பிரிவு 8(1)(எச்)ஐக் காட்டுவார்கள். விசாரணை நடப்பது மட்டும் காரணமாகாது. பதிவைத் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். மற்றவர்கள் முகம் தெரிகிறது என்றால் பிரிவு 10 இருக்கிறது: முகங்களை மங்கலாக்கி மீதியைத் தரலாம். எங்களுக்கு வரவேற்பறைப் பதிவு இப்படித்தான் முதல் மேல்முறையீட்டில் கிடைத்தது. மறுப்பு கிடைத்த 30 நாளுக்குள் அந்த மேல்முறையீட்டை, பொதுத் தகவல் அலுவலருக்கு மேலுள்ள அதிகாரியிடம், போட்டுவிட வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மலையில் இன்னொரு பதில் அடிக்கடி வரும்: "மழையில் கரண்ட் இல்லை, கேமரா ஓடவில்லை." அதோடு விட்டுவிடாதீர்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் சூரிய ஒளியிலோ காற்றாலையிலோ மின்சாரம் ஏற்பாடு செய்யவும் அந்தத் தீர்ப்பு மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கேமரா எந்த நாளில் பழுதானது, குழுவுக்கு எப்போது எழுதினார்கள், யார் வந்து சரிசெய்தார்கள் என்று தனி மனுவில் பதிவேட்டு நகல் கேளுங்கள். நடைக் கேமராவுக்கு இப்போது அதைத்தான் கேட்டிருக்கிறோம்.

பென் டிரைவ் கைக்கு வந்ததும் அலுவலகத்திலேயே திறந்து பாருங்கள். சில கருவிகளின் கோப்பு சாதாரணக் கணினியில் ஓடாது, எம்.பி.4 நகலும் கேட்டு வாங்குங்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டு போவதாக இருந்தால் பாரதிய சாக்ஷிய சட்டம் 63(4)இன் சான்றிதழ் வேண்டும், ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடு). வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிய நகலுக்கு ஹாஷ் மாறிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போக நினைத்தால், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். ஆர்.டி.ஐ. முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.